கோகிலாமணி மேல் கட்டிய பந்தயம்

காலையில் காபியா டீயா என்று முடிவு செய்ய நாச்சிமுத்துவுக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். குழப்பம் எதுவும் கிடையாது. அது ஒரு தொழில். அடுப்படிச் சுவர்த்திரையில் அவன் பெயருக்குக் கீழே இரண்டு விகிதங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கை காபி டப்பா பக்கம் நீண்டால் ஒன்று சரியும். தலையைச் சொறிந்துகொண்டு டீத்தூளைப் பார்த்தால் மற்றது எகிறும். யாரோ ஹோபோக்கனில் பல் துலக்கிக்கொண்டே, யாரோ நியூவார்க்கில் ரயிலுக்கு ஓடிக்கொண்டே, எடிசன் நகரத்து ஜவுளிக்கடைக்காரன் என்ன குடிப்பான் என்று பணம் கட்டியிருப்பார்கள். அவன் இழுக்க இழுக்கக் கூட்டம் சேரும். சேர்ந்த பணத்தில் ஒரு துளி பந்தயத்துக்குரியவனுக்கு வரும். ஒரு புடவை கேட்டு வந்தவளை உட்காரவைத்துக் கடையையே விரித்துக் காட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்?

அன்றைக்கு மட்டும் யோசிக்காமல் டீத்தூளை அள்ளிப் போட்டான். ஹோபோக்கன்காரர்கள் ஏமாந்திருப்பார்கள். அவன் கண் சுவரில் புதிதாக முளைத்திருந்த இன்னொரு வரியில் இருந்தது.

"எடிசன், கோகிலாமணி நாச்சிமுத்து. வெள்ளிக்கிழமை மாநிலத்தை விட்டு நிரந்தரமாக நீங்குவாரா? அடைப்பு: வெள்ளி நண்பகல்."

போவாள் என்ற பக்கம்தான் கூட்டம் நெரிந்தது.

கோகிலாமணி முதுகைக் காட்டி நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வரியைப் பார்த்திருப்பாள். பார்க்காமல் இருக்க முடியாது. சட்னி அரைக்கிற இடத்துக்கு நேர் எதிரேதான் சுவர்த்திரை.

"நேத்து மாவு நல்லாப் புளிச்சிருந்துச்சுங்," என்றாள்.

"ஆமா அம்மிணி. முந்தாநேத்து அத்தன புளிக்கல," என்றான்.

நியூ ஜெர்சியில் கணவனும் மனைவியும் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். நடந்து முடிந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நடக்கப்போவதை வாய்விட்டுச் சொன்னால் அதற்குப் பெயர் கசிவு. பந்தயம் திறந்திருக்கும்போது பந்தயத்துக்குரியவர் தன் முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது. பெற்றவளிடமும் கூடாது, தாலி கட்டியவனிடமும் கூடாது. மற்றவர் கேட்கவும் கூடாது. வாயும் காதும் ஒரே குற்றம். கூரையில் பொத்தானளவு கேட்பான்கள் பதிந்திருந்தன; அவற்றுக்குப் பக்கத்தில் கண்கள். ஆனால் முகம் சொல்வது கசிவாகாது. முகம் பொதுச் சொத்து. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் விகிதம் போட்டுக்கொள்ளலாம்.

இப்படி ஆனதற்குக் காரணம் சூதாட்ட வெறி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அசல் காரணம் சொத்து வரி. அட்லாண்டிக் சிட்டியின் மர நடைபாதையைக் கடல் விழுங்கிய பிறகு அங்கிருந்த காசினோக்கள் ஒவ்வொன்றாக இருட்டடித்துப் போயின. சீட்டும் சக்கரமும் யாருக்கு வேண்டும்? எந்தச் சீட்டு வரும் என்று சட்டைப் பொத்தானில் இருக்கும் இயந்திரம்கூடச் சொல்லிவிடுகிறது. இயந்திரத்தால் முழுசாகக் கணிக்க முடியாத ஒரே சரக்கு, பக்கத்து வீட்டுக்காரன் மனசு. அதைப் பந்தயமாக்கினால் சொத்து வரியே வேண்டாம் என்று யாரோ ஒரு புத்திசாலி சட்டமன்றத்தில் கணக்குக் காட்டினான். வரி ரசீதைப் பார்த்து ஆண்டுதோறும் நெஞ்சைப் பிடித்துக்கொண்ட ஜனங்கள் ஓடிப்போய் வாக்களித்தார்கள். வாழ்வுப் பந்தயச் சட்டம் வந்தது. காசினோ கடற்கரையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குள் குடிவந்தது.

மாநில எல்லைக்குள் நின்றுகொண்டு கட்டினால்தான் பந்தயம் செல்லும் என்பதால், சனிக்கிழமைகளில் நியூயார்க்காரர்கள் ஹட்சன் பாலத்தில் நடந்து வந்து, எல்லைக் கோட்டை ஒரு காலால் தாண்டி, கட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்கள் வீட்டைப் பற்றி யாரும் கட்ட முடியாது. அந்தக் கொழுப்பு அவர்கள் நடையிலேயே தெரியும்.

நாச்சிமுத்து கடைக்குக் கிளம்பினான். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, பிறகு சரியாகப் போட்டான். போகட்டுமா என்று கேட்பதும் எதிர்காலம்தான். அதனால் ஒன்றும் சொல்லாமல் போனான்.

ஓக் ட்ரீ சாலையில் அவன் கடைக்கு அடுத்தது மொகுதூம் காக்காவின் அத்தர்க்கடை. காயல்பட்டினத்து மனிதர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வாடிக்கையாளர் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிவிட்டு, அவர் மூக்கு விரிகிற அளவைப் பார்த்து விலை சொல்வார். நாச்சிமுத்து ஷட்டரைத் தூக்குவதற்குள் வந்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, மொகம் ராத்திரி முழுக்கக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லீங் காக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊரே கட்டிக்கிட்டிருக்கு? மசூதியில தொழுதுட்டு வர்றவங்ககூட ஒம் பொண்டாட்டியப் பத்தித்தான் பேசுறாங்க."

"நீங்க எந்தப் பக்கங்?"

காக்கா தாடியைத் தடவினார். "போவுற பக்கம். கோவிச்சுக்காதே. ஒன் மேல உள்ள பிரியம் வேற, யாவாரம் வேற. மதிப்பான் சும்மா போடாது தம்பி. காரணங் காட்டுதுல்ல."

காட்டியது. மதிப்பான் என்கிற அந்தக் கணிப்பு இயந்திரம் எந்தப் பந்தயத்துக்கும் தன் காரணங்களைக் கீழே பொடி எழுத்தில் போடும். கோகிலாமணி பழைய பெட்டியின் ஜிப்பைத் தைக்கக் கொடுத்து வாங்கியிருக்கிறாள். மாங்காய் வந்தும் இந்தத் தடவை ஊறுகாய் போடவில்லை. பனிக்காலமெல்லாம் அடுப்படிக்குள் வைத்துக் குழந்தை மாதிரி காப்பாற்றிய கருவேப்பிலைத் தொட்டியை எதிர்வீட்டு மார்த்தாவிடம் கொடுத்துவிட்டாள். மார்த்தா அதை சூப்பில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் அவன் கண் முன்னே நடந்தவை. அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

"ஒருதரம் கேட்டுப்பாக்கலாம்னு தோணுதுங்," என்றான் மெதுவாக.

காக்கா கூரையைப் பார்த்துவிட்டு அவன் வாயைப் பொத்தாத குறையாகக் கையை ஆட்டினார். "பைத்தியமா? மெட்டுச்சன்ல ஒருத்தன், பொண்டாட்டிக்கிட்ட நாளைக்கு டாக்டர் வீட்டுக்கு வர்றியான்னு கேட்டான். அவ்வளவுதான். பந்தயம் ரத்து, கட்டினவனுக்கெல்லாம் பணம் வாபஸ், அவனும் அவளும் பொழுது சாயறதுக்குள்ள மாநிலத்துக்கு வெளியே. கடை, வீடு எல்லாம் ஏலம். திரும்ப உள்ளே வந்து குடியிருக்கவே முடியாது. யோசிச்சுக்க."

நாச்சிமுத்து யோசித்தான். யோசனை அவனை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. அடுக்கிய புடவையை மறுபடி அடுக்கினான். வந்தவளுக்குக் கேட்ட விலைக்கே ஒரு சேலையைக் கொடுத்துவிட்டான். வாங்கியவள் பயந்துபோய், துணியில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மத்தியானம் கோகிலாமணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தூக்கைக் கல்லாமேசை மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, நாச்சிமுத்து கையில் ஒரு சென்னிமலைத் துண்டு இருந்தது.

அதை விரித்துத் தன் வலக்கை மேல் போட்டான். துண்டுக்கு அடியில் கையை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் கண்கள் ஒரு கணம் அகலமாயின. அவளுக்குப் புரியாமல் இருக்குமா? அவனுடைய அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். அவளுடைய அப்பா அந்தியூரில். சுற்றி நூறு பேர் நின்று பார்க்கும்போதே, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, ஒருத்தனுக்கும் தெரியாமல் முடித்துவிடுகிற தொழில். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. இரண்டு தரம் பிடித்தால் பத்து. மடக்கிய கை என்றால் பேச்சே கிடையாது. கூரையின் கண்ணுக்குத் துண்டு தெரியும். கேட்பானுக்கு மூச்சு கேட்கும். அவ்வளவுதான்.

அவள் கையை உள்ளே நுழைத்தாள். குளிர்ந்த கை. கொத்தமல்லி வாசம் வந்தது.

எதற்குப் பேரம் என்பதில் சந்தேகம் வந்துவிடக் கூடாது. சுவரில் தொங்கிய காலண்டரின் தலையில் அச்சடித்திருந்த வருஷத்தைத் தாடையால் காட்டினான். இன்னும் எத்தனை வருஷம் இங்கே இருப்பாய்? அவள் அதைப் பார்த்தாள், தலையசைத்தாள்.

மடக்கிய கை. அதுதான் அவளுடைய முதல் பதில்.

அவன் அவளுடைய ஐந்து விரல்களையும் இரண்டு தரம் பிடித்தான். பத்து.

அவள் மறுபடி மடக்கினாள். அவன் ஐந்துக்கு இறங்கினான். மேலே கோகிலாமணியின் முகம், புதிதாக வந்த சரக்கைப் பார்க்கிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தது. அடியில் அவள் விரல் ஒன்று விரிந்தது. ஒன்று! கதவு திறந்துவிட்டது. அவனுக்கு ரத்தத்தில் ஏதோ ஏறியது. திறந்த கதவைச் சாத்தவிடாமல் காலை வைப்பதுதானே தொழில்? நான்கு என்றான். பிடித்த விரல்களை விடாமல் ஒரு சுண்டு சுண்டினான். அப்பா செய்வது அப்படித்தான், இதற்கு மேல் இறங்கினால் எனக்கு நஷ்டம் என்று அதற்கு அர்த்தம். அவள் இரண்டு என்றாள். உடனே, அவன் எதுவும் செய்வதற்கு முன்பே, மூன்று என்றாள்.

மூன்று விரல்களையும் அழுத்திப் பிடித்தான். முடிந்தது. துண்டுக்குள் முடிந்த விலையைத் தரகர் வீட்டுப் பிள்ளைகள் மாற்றுவதில்லை. மாற்றினால் அப்புறம் எந்தச் சந்தையிலும் அவன் கைக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

கோகிலாமணி கையை இழுத்துக்கொண்டாள். "கொழம்புக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாப் போயிருச்சுங்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். மூன்று வருஷம் கையில் கிடைத்த ஆள், பொண்டாட்டி போகப்போகிறாளே என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டான். அப்படியும் விகிதம் லேசாக அசைந்தது. மறுநாள் மொகுதூம் காக்கா உள்ளே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"தம்பி, ஒன் மொகத்த இவ்வளவு வருஷமாப் பாக்குறேன். சோகத்துல இருக்கிறவன் ரெண்டு தரம் சோறு வாங்கித் திங்க மாட்டான்."

"பசிங் காக்கா."

"நான் ஒண்ணும் கேக்கல. கேக்கவும் கூடாது. நான் பாட்டுக்கு இங்க நிக்கிறேன். நீ பாட்டுக்கு ஒரு தும்மல் போட்டா, நான் கட்டினத அந்தப் பக்கம் மாத்திக்கிட்டுப் போயிருவேன். வர்றதுல பாதி ஒனக்கு."

ஊரே போவாள் என்று கட்டியிருக்கிறது. போகமாட்டாள் என்பது பூமியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நாச்சிமுத்துவின் மூக்கு நிஜமாகவே அரித்தது. ஆனால் தும்மல் வரவில்லை. காக்கா பேசிக்கொண்டே இருக்கும்போது அவன் மனசு மறுபடி துண்டுக்குள் போயிருந்தது. நேற்றிலிருந்தே ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு என்றாளே, அப்புறம் ஏன் மூன்று?

யாராவது தனக்கு எதிராகத் தானே விலையை ஏற்றிக்கொள்வார்களா?

சந்தையில் பார்த்திருக்கிறான். பேரம் பேச வந்தவன் திட்டுவான், சிரிப்பான், கையை உதறிக்கொண்டு நாலு அடி நடந்து திரும்பி வருவான். இவை எதுவும் செய்யாமல் கேட்ட விலைக்கு மளமளவென்று இறங்குகிறவன் ஒரே ஒரு ரகம்தான். மழை இல்லாமல், தீவனம் இல்லாமல், மாட்டை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போகத் தெம்பில்லாமல் வந்தவன். அவனோடு பேரம் பேசி ஜெயித்துவிட்டு வந்த நாளில் அப்பா வீட்டில் சரியாகச் சாப்பிட மாட்டார்.

"தும்மலயா?" என்றார் காக்கா.

"சளி இல்லீங்," என்றான் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை அவன் கடை திறக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான். சுவர்த்திரையில் அடைப்பு நெருங்க நெருங்க எண்கள் துடித்தன. தெருமுனை விகிதப் பலகையைச் சுற்றிச் சின்னக் கூட்டம். யாரோ மடக்கு நாற்காலிகூடக் கொண்டுவந்திருந்தார்கள். மொகுதூம் காக்காவும் அங்கே நின்றிருந்தார், பிரியம் வேறு, யாவாரம் வேறு என்ற முகத்தோடு.

கோகிலாமணி கதவைத் திறந்துகொண்டு தெருவைக் கடந்து மார்த்தா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் இடுப்பில் கருவேப்பிலைத் தொட்டி இருந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சும் இரண்டு வசவுகளும் எழுந்தன. போகிறவள் செடியைத் திரும்ப வாங்குவாளா? எண்கள் தலைகீழாகப் புரண்டன.

நாச்சிமுத்து எண்களைப் பார்க்கவில்லை. அவள் நடையைப் பார்த்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்துகொண்டிருந்தாள். மழையில்லாத வருஷத்து நடை.

படியிறங்கி நடுத்தெருவுக்குப் போனான்.

"அம்மிணி, அந்தச் செடியத் திரும்பக் குடுத்துரு. நீ போ. மூணு வருசமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே போலாம். நானும் வர்றேன்."

மடக்கு நாற்காலிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நாளைக்கு என்கிற சொல்லை அந்தத் தெரு கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பிறகு தெருப்பலகை வெள்ளையாக மாறியது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. கசிவு. பந்தயம் ரத்து.

"ஏனுங், உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினாள் கோகிலாமணி. தொட்டி இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. "துண்டுக்குள்ள பேசுன பேச்ச இப்புடியா நடுத்தெருவுல ஒடைப்பீங்?"

"ஒடச்சாச்சு," என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "எங்கப்பன் இருந்திருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பாரு."

அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் கிளம்ப வேண்டும், ஒரு வண்டி கொள்கிற சாமான், மற்றதெல்லாம் ஏலம். கடைச் சாவியைக் கொடுக்கும்போது நாச்சிமுத்துவின் விரல்கள் உடனே விடவில்லை. அதிகாரி கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கினார். மொகுதூம் காக்கா வந்து தானோட்டிக் கார் ஜன்னலில் ஒரு அத்தர்க் குப்பியை நீட்டினார். "சரியான நேரத்துல என் பணத்தத் திருப்பிக் குடுத்துட்டே. நேத்து நீ தும்மாததுக்கு ஒன்ன எவ்வளவு ஏசினேன் தெரியுமா? போ தம்பி. ஒழுங்கா இரு." அவர் கண்கள் கலங்கியிருந்தன. யாரும் அதன் மேல் பணம் கட்டவில்லை.

வண்டி மேற்கே ஓடியது. பெட்டி பின்னால், செடி மார்த்தாவிடம். டெலவேர் ஆற்றுப் பாலத்தில் பாதியைக் கடந்ததும் கார்க் கண்ணாடியில் மூலைக்கு மூலை மினுங்கிக்கொண்டிருந்த விகிதங்கள் அணைந்துபோயின. பென்சில்வேனியா. வெறும் கண்ணாடி, அதற்கு அப்பால் கிடங்குகள், சோளக்காடு.

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு லேசாகிப்போனது. பேரத்தில் தோற்று ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான். சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு அம்மிணி. இனி எது வேணாலும் சொல்லலாம்."

அவள் மடியில் கையைக் கோத்து வைத்திருந்தாள். "நான் போகோணும்னு நெனச்சது நெசந்தானுங். ஊர உட்டு மட்டுமில்லீங். உங்களையுந்தான் உட்டுப்போட்டுப் போலாம்னு இருந்தேன்."

வண்டி ஒரு வளைவில் திரும்பியது. அவன் கை கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டது.

"அதச் சொல்றதுக்குத் துண்டுக்குள்ள வெரல் இல்லீங்," என்றாள்.

"எதனால?" என்றான். இந்தக் கேள்வியை அவளிடம் கடைசியாக எப்போது கேட்டான் என்று அவனுக்கே நினைவில்லை.

"எங்கம்மா செத்தன்னிக்கு, நான் ஊருக்குப் போவனா மாட்டனான்னு செவுத்துல ஓடிட்டிருந்துச்சுங். நாந் தரையில உக்காந்திருந்தேன். நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங். ஆனா எம்மொகத்தப் பாக்கவே இல்லீங். செவுத்தத்தான் பாத்துட்டிருந்தீங். எந்தப் பக்கம் சாயுதுன்னு."

அன்றைக்கு விகிதம் எப்படி ஏறி இறங்கியது என்பது இன்றைக்கும் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்பது நினைவில்லை. அவன், ஜவுளிக்கடைக்காரன்.

"இப்ப?" என்றான்.

"தெரியலீங். நடுத்தெருவுல வந்து அப்புடிக் கத்துவீங்கன்னு நான் நெனைக்கல. யோசிக்கோணும்."

பழக்கத்தில் அவன் தலை கார்க் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. எந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று பார்க்க. கண்ணாடியில் சோளக்காடு ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு எண்ணும் இல்லை. இருப்பாள் என்றோ போவாள் என்றோ அவனுக்குச் சொல்ல எந்த இயந்திரமும் இல்லை, எந்தக் கூட்டமும் இல்லை.

தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான். கடைக்கு வருகிற எவளும் முதல் மடிப்பை விரிப்பதற்குள் வாங்குவாளா மாட்டாளா என்று சொல்லிவிடுகிறவன். இந்த முகத்தில் அவனால் ஒன்றும் படிக்க முடியவில்லை. புருவத்தில் ஒரு நரைமுடி இருந்தது. அது எப்போது வந்ததென்று தெரியவில்லை.

அவள் வெளியே பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.